உலகாயதன் பக்கம் நின்று

எம்.ஏ. தமிழ் சேர்ந்த வருடம் சைவ சித்தாந்தம் ஒரு தாள். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. அப்பா கருப்புச் சட்டைக்காரர். எனக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை, இன்றுவரை. முதல் வகுப்பில் நெற்றி நிறையத் திருநீற்றோடு ஐயா வந்து நின்றதும், இந்தத் தாளை மனப்பாடம் செய்து கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை), மெய்கண்டாரின் பன்னிரண்டு சூத்திரங்கள் என்று ஒரு மாதம் ஓடியது. அப்புறம் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் வந்தது. அதில் பரபக்கம் என்ற பகுதி மற்ற கொள்கைகளை மறுப்பதற்காகவே எழுதப்பட்டது. முதலில் வருபவன் உலகாயதன், கண்ணால் காணும் உலகத்துக்கு அப்பால் எதுவும் இல்லை என்பவன். காட்சி ஒன்றே அளவை, அதாவது புலன்களால் நேரே அறிவது மட்டுமே அறிவுக்கு வழி, பூதங்கள் கூடினால் அறிவு பிறக்கும், உடல் போனால் அதுவும் போகும் என்கிறான். 13ஆம் நூற்றாண்டுச் சைவர் என் தரப்பை இவ்வளவு ஒழுங்காக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கத் தொடங்குகிறார்! அன்று இரவு விடுதியில் அந்தப் பாடல்களை மூன்று முறை படித்தேன்.

மறுநாள், "ஐயா, மறுப்பு எனக்கு ஒப்பவில்லை" என்றேன். வகுப்பு அமைதியானது. "எந்த இடத்தில் ஒப்பவில்லை, சொல்லம்மா" என்று கேட்டார். கண்டதை வைத்துக் காணாததை அறியும் அனுமானம் எங்கே தேவைப்படுகிறது என்பதில் தொடங்கினோம். மணி அடித்தும் முடியவில்லை. புகையைக் கண்டு நெருப்பை அறிகிறோமே, அது காட்சியா என்றார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. நெருப்பை முன்பே பார்த்திருக்கிறோம், கடவுளைப் பார்த்ததில்லையே என்று அடுத்த வாரம் போய்ச் சொன்னேன். "சரி, உட்கார். இதற்கும் அவர்களிடம் பதில் உண்டு" என்று புத்தகத்தைத் திறந்தார்.