பெய்லிஃப் வந்தால் முதலில் வழக்கு நம்பரைக் கேளுங்கள்

2022 ஆகஸ்ட், லண்டனில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. இரவு வேலை முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டுப் போன அம்மா திரும்பி வந்து என்னை உலுக்கினார். "தம்பி, பொலிஸ் போலக் கிடக்கு."

பொலிஸ் இல்லை, பெய்லிஃப், அதாவது கட்டாத பணத்தை வசூலிக்க வருகிறவர். நெஞ்சில் கமரா, அதில் சின்னச் சிவப்பு வெளிச்சம். நீதிமன்றத் தண்டப்பணம் 1,126 பவுண்ட், இப்போதே கட்டாவிட்டால் காருக்குக் கிளாம்ப், சில்லைப் பூட்டிவிடுவேன் என்றார். எனக்கு ஒரு வழக்கு இருப்பதே அதுவரை தெரியாது.

கதவைத் திறக்கவில்லை. வாரண்டையும் அடையாள அட்டையையும் கண்ணாடியில் பிடித்துக் காட்டச் சொல்லி, போனில் படமெடுத்தேன். அதிலிருந்த வழக்கு நம்பர்தான் பிறகு எல்லாவற்றுக்கும் கை கொடுத்தது. கார் வேலைக்குத் தேவை என்று சொல்லிப் பார்த்தேன். தொழிலுக்கான பொருளுக்கு விலக்கு உண்டு, ஆனால் 1,350 பவுண்ட் பெறுமதி வரைக்கும்தான். என் கார் அதற்கு மேல். நீதிமன்றத்தோடு பேசுகிறேன் என்றதும் ஒரு கடிதத்தை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

நடந்தது இதுதான். 2021இல் இல்ஃபோர்டிலிருந்து ஹாரோவுக்கு வீடு மாறினோம். டிரைவிங் லைசென்ஸில் விலாசத்தை மாற்றினேன், காரின் லொக் புக்கில், அதாவது பதிவுப் பத்திரத்தில், மாற்றவில்லை. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறிவிடும் என்று நம்பியிருந்தேன். மாறாது, இரண்டும் வேறு வேறு. மணிக்கு 30 மைல் வேக எல்லை உள்ள வீதியில் 37இல் போனதைக் கமரா பிடித்திருக்கிறது. ஓட்டியது யார் என்று கேட்ட கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. பதில் வராததால், ஓட்டுநர் பெயர் கொடுக்காத குற்றத்துக்கு ஒரே ஒரு மஜிஸ்திரேட் காகிதங்களைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தண்டம் 660, சர்சார்ஜ் என்ற மேலதிகக் கட்டணம் 66, வழக்குச் செலவு 90, லைசென்ஸில் ஆறு தண்டப் புள்ளி. நான் வருமான விவரம் கொடுக்காததால் வாரச் சம்பளம் 440 என்று தாங்களே எடுத்துக்கொண்டு, இந்தக் குற்றத்துக்கு அதில் ஒன்றரை மடங்கு போட்டிருந்தார்கள். 660 வந்தது அப்படித்தான். பெய்லிஃப் கடிதம் அனுப்பியதற்கு 75, வாசலுக்கு வந்ததற்கு 235. அந்தக் கடிதமும் எனக்குக் கிடைக்கவில்லை.

தண்டப்பண அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு கிடைத்த பதில்: "முதலில் கட்டுங்கள், பிறகு அப்பீல் செய்யுங்கள்." இது பிழையான ஆலோசனை, இதைக் கேட்டு யாரும் பணம் கட்டிவிடாதீர்கள். அடுத்த நாள் அரை நாள் சம்பளத்தை விட்டு நீதிமன்றத்துக்கே போனேன். அப்பொயின்ட்மென்ட் இல்லாமல் கவுன்டரில் பேச முடியாதாம். வாசலில் நின்ற செக்யூரிட்டி ஒரு துண்டுக் காகிதத்தில் நீதிமன்றத்தின் மின்னஞ்சல் முகவரியை எழுதித் தந்தார். அங்கே எனக்கு உதவியது அவர் ஒருவர்தான்.

வழியைச் சொன்னது வேலையிடத்து அண்ணா ஒருவர். வழக்கு நடந்ததே தெரியாது என்று ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன், அதாவது சட்டப்படியான உறுதிமொழி, கொடுத்தால் தீர்ப்பு ரத்தாகி, வழக்கு முதலிலிருந்து தொடங்கும். தெரியவந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் கொடுக்கவேண்டும். எனக்கு ஏற்கெனவே ஆறு நாள் போய்விட்டது. பக்கத்துச் சொலிசிட்டரிடம் (வக்கீல்) 5 பவுண்ட் கொடுத்து, அவர் முன்னிலையில் கையெழுத்திட்டேன். வீட்டு ஒப்பந்தத்தையும் கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வீட்டு வரி) பில்லையும் சேர்த்து, தலைப்பில் வழக்கு நம்பரைப் போட்டு அனுப்பினேன்.

பதில் வருமுன் அதே பெய்லிஃப் மறுபடி வந்தார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்கு வருகிறவர் முதல் தடவை உள்ளே வரக் கதவை உடைக்க முடியாது. குற்றவழக்குத் தண்டப்பணத்துக்கு வருகிறவருக்குச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அதனால் ஒளிந்திருப்பது வழியல்ல. டிக்ளரேஷனைக் கண்ணாடியில் பிடித்துக் காட்டிக்கொண்டே நீதிமன்றத்துக்குப் போன் எடுத்தேன். அன்றைக்கு லைனில் வந்தவர் நல்ல மனிதர். டிக்ளரேஷன் வந்துவிட்டது, வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்கிறோம் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். பெய்லிஃப் கேட்டுக் குறித்துக்கொண்டு தன் வாகனத்தில் ஏறிப் போனார். அம்மா அதுவரை சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

ஒக்டோபரில் விசாரணை, பத்து நிமிடம். உள்ளே போகுமுன் அரசுத் தரப்பு வக்கீலைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இதை மறக்கவே கூடாது. வேகத்தை ஒப்புக்கொள்கிறேன், ஓட்டுநர் பெயர் கொடுக்காத குற்றத்தைக் கைவிடுங்கள் என்றேன், சம்மதித்தார். மூன்று புள்ளி, என் உண்மையான சம்பளத்துக்கு ஏற்ற சிறிய தண்டம். பெய்லிஃப் கேட்ட 310 பவுண்டும் போயிற்று. முதல் கடிதமே கையில் கிடைத்திருந்தால் அந்த வேகத்துக்கு வேக விழிப்புணர்வு வகுப்பொன்றுக்குப் போவதோடு முடிந்திருக்கும், ஒரு புள்ளியும் ஏறியிருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

லொக் புக்கில் விலாசம் மாற்றக் காசு இல்லை, இணையத்திலேயே செய்யலாம். எனக்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.