நீர்க்குமிழியும் குறைமாதக் குழந்தையின் மூச்சும்

குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருள் போதிய அளவு சுரந்திருக்காது. ஆகவே மூச்சை வெளிவிடும்போதெல்லாம் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ள, அவற்றை மீண்டும் விரிப்பதிலேயே குழந்தை களைத்துப்போகிறது. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் பிறந்து இரண்டு நாள் நிறைவதற்குள் இறந்ததும் இந்நோயால்தான்.

1971-இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜார்ஜ் கிரிகோரி குழுவினர், தானாக மூச்சுவிடும் 20 குழந்தைகளுக்கு இடைவிடாத காற்றழுத்தம் கொடுத்து, அவர்களில் 16 பேர் பிழைத்ததாக அறிவித்தனர். இதுவே சிபாப்.

இம்முறையின் வடிவங்களில் என்னை மிகவும் கவர்வது குமிழி சிபாப்: மூக்கின் வழியே காற்று செல்ல, வெளியேறும் குழாயின் முனை நீரில் 5 செ.மீ. ஆழத்தில் அமிழ்ந்திருந்தால், ஏறத்தாழ அந்த 5 செ.மீ. நீரின் அழுத்தமே காற்றறைகளைத் திறந்து வைத்திருக்கிறது. இவ்வளவு எளிய கருவியா என்று வியக்கத் தோன்றும். ஆனால் அதைக் கையாள்வது எளிதன்று. மூக்குத்துளையில் பொருத்தும் குழாய் சற்று அழுத்தினாலும் மென்மையான நடுச்சுவர் புண்ணாகும். குறைமாதக் குழந்தைகளுக்கான இருவகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டு 2008-இல் வெளியான ‘காயின்’ (COIN) என்னும் ஆய்வில், சிபாப் பெற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கும், மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தப்பட்டவர்களில் 3 விழுக்காட்டினருக்கும் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு ஏற்பட்டது. எனவே சிபாப்பை மட்டும் நம்பியிராமல், ஆக்சிஜன் தேவை கூடிக்கொண்டே போனால், சர்ஃபாக்டன்ட் மருந்தைத் தாமதமின்றிச் செலுத்துகின்றனர்.