குடிவரவுக் கோப்பில் இரண்டாவது பெயர்

திருகோணமலையிலிருந்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு நாங்கள் குடிபெயர்ந்தபோது முதன்மை விண்ணப்பதாரர் என் மனைவி. கூடவே செல்லும் துணைவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெற்ற வணிக நிர்வாகப் பட்டமும், வங்கியில் அவர் வேலை பார்த்த ஆண்டுகளும், ஆங்கிலப் பரீட்சையில் அவர் எடுத்த புள்ளிகளுமே எங்களுக்கு வழி திறந்தன. நான் அரச பாடசாலையொன்றில் கணிதம் கற்பித்தவன். ஊரிலிருந்து புறப்படவிருக்கும் இளம் தம்பதியர் குளிரைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். அவற்றைவிட முக்கியமானதாக நான் கருதுவது வேறொன்று: எவருடைய பெயர் கோப்பில் இரண்டாவதாக இருக்கிறதோ அவருக்குப் புதிய நாட்டில் எல்லாமே பிந்திக் கிடைக்கும், அப்படி நேராமல் பார்த்துக்கொள்ளும் வேலையை ஊரில் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

திறன்மிக்க குடியேறிகளைப் புள்ளியிட்டுத் தெரிவுசெய்யும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் துணைவரின் கல்விக்கு ஆகக்கூடியது 10 புள்ளியும் மொழித் திறனுக்கு 20 புள்ளியும் கிடைக்கும். இந்தச் சிறு தொகைக்காக எதற்குச் செலவு என்று, ஊரில் பெற்ற பட்டம் கனடாவில் எதற்கு ஈடானது என்று சொல்லும் கல்வி மதிப்பீட்டைத் துணைவருக்குப் பலர் விட்டுவிடுகிறார்கள். புள்ளிக்காக இல்லாவிட்டாலும் வேலைக்காக அது தேவைப்படும். அந்த மதிப்பீட்டுக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து பெறுபேறுகளை முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்புவிப்பதை ஊரில் நின்று செய்வதற்கும் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வாகனம் ஓட்டிய அனுபவத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் இருவரும் தனித்தனியே பெற்றுக்கொண்டோம். பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பித்தபோது, பெயர்களின் ஆங்கில எழுத்துகள் கடவுச்சீட்டில் உள்ளபடியே அமைந்திருக்கின்றனவா என்று மனைவி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். எங்கள் வழக்கப்படி எனக்கு என் தந்தையின் பெயர், அவருக்கு அவருடைய தந்தையின் பெயர். இருவருக்கும் பொதுவான குடும்பப் பெயர் கிடையாது. ஆகையால் நாங்கள் கணவன் மனைவி என்பதைக் காட்ட விவாகச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் பல இடங்களில் தேவைப்பட்டன. உறுதிப்படுத்திய பிரதிகளைத் தாராளமாக எடுத்து வைப்பது நல்லது.

நகைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் அதிகம் பதற்றப்படுவது அங்கேதான். குடியேறுபவர் தம்முடன் கொண்டுவரும் பொருட்களுக்கும் பின்னர் வரவிருக்கும் பொருட்களுக்கும் முதல் வருகையின்போதே பட்டியல் கொடுக்க வேண்டும். புறப்படுவதற்கு முன் ஓரிரவு மாமி தாலிக்கொடியையும் காப்புகளையும் அட்டியலையும் வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, நான் படம் பிடித்தேன். மனைவி ஒவ்வொன்றின் எடையையும் பெறுமதியையும் அமைப்பையும் ஆங்கிலத்தில் எழுதினார். நகைக்கடையில் பெற்ற மதிப்பீட்டுக் கடிதத்தையும் சேர்த்தோம். ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் அதிகாரி பட்டியலைப் பார்த்து, இரண்டு நகைகளைப் படத்துடன் ஒப்பிட்டு, முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். பின்னாளில் அந்த நகைகளுடன் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, அவை ஏற்கனவே எங்களுடையவை என்பதற்கு அந்தத் தாளே சான்று. 10,000 கனேடிய டொலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அதற்கு வரி கிடையாது.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வீடு தேடியபோது எங்களுக்குக் காட்டப்பட்டவை பெரும்பாலும் நிலத்தடித் தளத்திலுள்ள பேஸ்மென்ட் வீடுகள். ஒரு வீட்டுக்காரர், அவரும் தமிழர்தான், “தம்பி, புதுசா வந்த ஆக்களுக்குக் கிரெடிட் இல்லை. ஆறு மாச வாடகையை முன்னுக்குத் தந்தால் சாவியைத் தாறன்” என்றார். அன்பாகவே கேட்டார், ஆனாலும் அது சட்டப்படி கேட்கக்கூடிய தொகை அல்ல. ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் முதல் மாத வாடகையுடன், கடைசி மாதத்துக்கென ஒரு மாத வாடகையை மட்டுமே முற்பணமாகக் கேட்கலாம். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான குடியிருப்புகளுக்கு மாகாண அரசின் நியமக் குத்தகைப் படிவத்தைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்த வீட்டை விட்டுவிட்டு, வேலைக் கடிதத்தையும் வங்கிக் கணக்கு விபரத்தையும் காட்டி வேறொரு வீட்டைப் பிடித்தோம். குத்தகையில் இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்பதில் மனைவி பிடிவாதமாக நின்றார். அவர் நின்றது எவ்வளவு சரி என்பது மாகாண அரசின் மருத்துவக் காப்பீட்டுக்கான சுகாதார அட்டைக்குப் போன அன்றே விளங்கியது: குடிவரவு நிலை, அடையாளம், வதிவிடம் ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே சான்று காட்ட வேண்டியிருந்தது. இந்த அட்டைக்காக முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020இல் நீக்கப்பட்டுவிட்டது; ஆகவே வந்த கிழமையிலேயே போய்விடலாம்.

வேலை செய்வதற்குத் தேவையான ஒன்பது இலக்கச் சமூகக் காப்பீட்டு எண் எளிதாகக் கிடைத்தது. நிரந்தர வதிவாளர் அட்டை தபாலில் வரும். அதற்காகக் கனடா முகவரியை 180 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். வங்கியில் கூட்டுக் கணக்குத் திறந்ததோடு கடனட்டைகளைத் தனித்தனியே எடுத்தோம். மனைவியின் அட்டைக்குத் துணை அட்டையாக எனக்கொன்றைத் தருவதாகச் சொன்னார்கள், ஆனால் அதனால் என் பெயரில் கடன் வரலாறு, அதாவது வீட்டுக்காரர் சொன்ன ‘கிரெடிட்’, உருவாகும் என்ற உறுதி இல்லை. சிறிய வரம்புடன் சொந்தப் பெயரில் ஓர் அட்டை எடுத்து மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டுவதே மேல். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம் என்பது ஊரில் பலருக்குத் தெரியாத செய்தி.

மனைவிக்கு அலுவலக வேலை விரைவில் அமைந்தது. நான் களஞ்சியமொன்றில் இரவு வேலைக்குப் போனேன். அவர் புறப்படும் நேரத்தில் நான் வீடு திரும்புவேன். சோற்றை ஒருவர் வடித்து வைக்க மற்றவர் தனியே இருந்து சாப்பிட்ட அந்த மாதங்கள் எங்கள் திருமணத்தில் மிகக் கடினமானவை. மனைவியின் உழைப்பில் இருக்கிறார் என்று உறவினர் சிலர் தொலைபேசியில் பேசிக்கொண்டது எனக்கும் எட்டியது. அது வலித்தது, மனைவிக்கு என்னைவிட அதிகம் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேறெந்த வேலையும் வைப்பதில்லை என்று அப்போது எடுத்த முடிவு இன்றும் தொடர்கிறது. கனடாவின் கோடைகால நேரக் கணக்கில் அன்று காலை எங்களுக்கு எட்டு மணியாகும்போது ஊரில் மாலை ஐந்தரை; மாமி பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் புறப்படுவதற்கு முன் எங்களோடு பேசிவிடுவார்.

ஆசிரியராகப் பதிவதற்கு, பெயரில் கல்லூரி என்றிருந்தாலும் ஆசிரியர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பான ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி கேட்ட ஆவணங்களில் சில, வழங்கிய நிறுவனங்களிடமிருந்து நேரடியாக வர வேண்டியவை. அவற்றுக்காக மைத்துனர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஒரு கடிதம் மாதக்கணக்கில் எவரோ ஒருவரின் மேசையிலேயே கிடந்தது. ஊரை விட்டுப் புறப்படும் ஆசிரியர்களும் தாதியரும் இந்தக் கடிதங்களைக் கையோடு முடிக்க இயலாவிட்டாலும், ஊரில் நின்று பார்த்துக்கொள்ள ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டு வர வேண்டும். காத்திருந்த காலத்தில் நிரந்தர வதிவாளர்களுக்கு மத்திய அரசின் நிதியில் இலவசமாக நடக்கும் ஆங்கில வகுப்புக்குப் போனேன். எனக்கு வேலை பற்றிய தகவல்கள் வந்ததும் அங்கே கூட இருந்து படித்தவர்கள் மூலமாகத்தான்.

வருமானமே இல்லாத துணைவரும் வருமான வரிப் படிவம் நிரப்ப வேண்டும்; பொதுவாக அதற்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. அரசு தரும் கொடுப்பனவுகள் அந்தப் படிவங்களைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. நாட்கணக்கும் ஆளுக்காள் தனிதான்: நிரந்தர வதிவாளர் நிலையைக் காக்க ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள், குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பெற்றோரைப் பார்க்க ஒருவர் மட்டும் ஊரில் தங்கி நிற்க நேர்ந்தால் இருவரும் ஒரே நாளில் விண்ணப்பிக்க முடியாமற் போகலாம். ஆகவே போன நாளையும் திரும்பிய நாளையும் இருவரும் தத்தம் பெயரில் முதற் பயணத்திலிருந்தே குறித்து வாருங்கள்.