ஜூன் தொடக்கத்தில் ஹம்ப்தா கணவாய்

ஹம்ப்தா கணவாயை நாங்கள் இரண்டாவது முயற்சியில்தான் கடந்தோம். முதல் நாள் பாதியில் திரும்பியதற்கு மழையோ புயலோ காரணமில்லை. காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிந்திருந்தது, காற்றும் அடங்கியிருந்தது, எங்கள் ஐவரில் ஒருவருக்குக்கூடத் தலைவலி இல்லை. ஜூன் முதல் வாரத்தில் மலையில் மிச்சமிருக்கும் பனி எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்பதை அறியாமல் போனோம், அவ்வளவுதான்.

இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பஞ்சால் மலைத்தொடரில், குலு பள்ளத்தாக்குக்கும் லாகௌல் பகுதிக்கும் நடுவே, ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஹம்ப்தா. மணாலிக்கு அருகிலுள்ள ஜோப்ராவில் நடக்கத் தொடங்கி, சிகா, பாலு கா கேரா ஆகிய இடங்களில் தங்கி, கணவாயைக் கடந்து, மறுபக்கம் சியாகோரு வழியாகச் சத்ருவில் சாலையைத் தொடுவது வழக்கமான பாதை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இதே பாதையில் போகிறவர்களுக்குக் குலு பக்கம் பச்சைப் புல்வெளியும், லாகௌல் பக்கம் மழை மறைவுப் பிரதேசத்தின் வறண்ட பழுப்பும் கிடைக்கும். பருவம் தொடங்கும்போதே போகிறவருக்கு இரு பக்கமும் ஒரே வெள்ளைதான். ஆடுகளை ஓட்டிக்கொண்டு கோடையில் இந்தக் கணவாய் வழியாக லாகௌலுக்குச் செல்லும் கத்தி (Gaddi) என்ற மலைச் சமூகத்து மேய்ப்பர்கள் அப்போது கீழ்ப் புல்வெளிகளிலேயே தங்கியிருந்தார்கள். மலையை எங்களைவிட நன்கு அறிந்தவர்கள் இன்னும் மேலே போகவில்லை என்பதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டிருக்கலாம். எங்களுக்கு விடுப்பு கிடைத்தது அந்த வாரத்தில் மட்டும்தான் என்பதால் எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழில் எழுதும்போது இங்கே ஒரு சிக்கல் வருகிறது. புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, விடியற்காலைச் சாலையை மறைக்கும் மூட்டமும் பனி, மலையில் ஆள் உயரத்துக்குக் கிடப்பதும் பனி. முன்பனிக் காலம், பின்பனிக் காலம் என்று பருவங்களைப் பிரித்து வைத்த மொழிக்கு, ஒரே சரிவில் ஒரே நாளுக்குள் மூன்று விதமாக மாறும் இந்தப் பனியைப் பிரித்துச் சொல்லத் தேவை ஏற்பட்டதில்லை. எங்களுடன் வந்த இரண்டு வழிகாட்டிகளில் மூத்தவர், நாங்கள் உஸ்தாத் என்று அழைத்தவர், இந்தியில் எளிதாகப் பிரித்தார்: இறுகியது பக்கி பர்ஃப், இளகியது கச்சி பர்ஃப். பழுத்த பனி, காய்ப் பனி என்று நான் எனக்குள் தமிழாக்கிக்கொண்டேன். காலையில் பழுத்திருப்பது மதியத்துக்குள் காயாகிவிடும் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

ஜோப்ராவிலிருந்து சிகாவுக்குச் சிறிய நடைதான். பூர்ச்ச மரங்களுக்கிடையே சென்ற பாதையில், நிழலான மடுக்களில் மட்டும் அழுக்குப் படிந்த பனித் திட்டுகள் தென்பட்டன. மறுநாள் பாலு கா கேராவை நோக்கி ஏறியபோதுதான் பனிப்பாலங்கள் வந்தன. குளிர்காலத்தில் ஓடையின் மேல் சரிந்து குவிந்த பனியை, கோடையில் அடியில் ஓடும் நீர் குடைந்து குடைந்து ஒரு வளைவாக்கிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் அகலமான வெள்ளைச் சாலை போலத் தெரியும். அதன் கனம் இரண்டு மீட்டரா இரண்டு சாணா என்பது கண்ணுக்குத் தெரியாது. நடுப்பகுதி தாழ்ந்து குழிந்திருந்தாலோ, நிறம் சாம்பலாக மாறியிருந்தாலோ, காலடியில் நீரின் ஓசை தெளிவாகக் கேட்டாலோ அதில் கால் வைக்கக் கூடாது என்று உஸ்தாத் சொல்லியிருந்தார். அவர் பனிக்கோடரியின் அடிமுனையால் குத்திப் பார்த்துக்கொண்டே முதலில் போனார். நாங்கள் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு, ஒருவர் மறுகரை சேர்ந்த பிறகே அடுத்தவர் என்று கடந்தோம். பட்டைகளைக் கழற்றுவது எதற்காக என்று யாரும் விளக்கவில்லை, விளங்கிக்கொண்டோம்.

பாலு கா கேரா சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள முகாம். அங்கிருந்து கணவாய்க்கு இன்னும் 650 மீட்டர் அளவுக்கு ஏற்றம். முதல் முயற்சியன்று ஐந்து மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. இரவு முழுவதும் மேகம் மூடியிருந்ததால் குளிர் குறைவாக இருந்தது. நன்றாக உறங்கினோம், உறங்கியதால் தாமதமானோம், ஆறரைக்கு மேல்தான் முகாமை விட்டு நகர்ந்தோம். அந்த மிதமான இரவை ஒரு கொடையாக நினைத்து மகிழ்ந்ததை இப்போது எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம் காலணி கணுக்கால் வரை இறங்கியது. எட்டரைக்கு முழங்கால். பத்து மணிக்கு, ஒரு காலை ஊன்றி எடையை மாற்றும் அந்த நொடியில் மேலோடு உடைந்து, தொடை வரை உள்ளே போயிற்று. அந்தக் காலை வெளியே எடுக்க மற்றக் காலை அழுத்தினால் அதுவும் போயிற்று. மலையேற்றத்தில் இதைவிட மனிதனைச் சிறுமைப்படுத்தும் நடை வேறு இல்லை. கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காடே இருக்கும் உயரத்தில், ஐந்து முறை காலைப் பிடுங்கி எடுத்தால் ஐந்து நிமிடம் நின்று மூச்சு வாங்க வேண்டும். காலணியில் மாட்டியிருந்த மைக்ரோஸ்பைக் என்ற சிறு முள் பட்டையின் அடியில் ஈரப் பனி உருண்டையாக ஒட்டி, குதிகால் செருப்பு அணிந்தவர்போல் தள்ளாடினோம். பதினோரு மணியளவில், கணவாய் கண்ணெதிரே, இருநூறு மீட்டர் உயரம் மட்டுமே பாக்கி இருந்தபோது, பக்கச் சரிவிலிருந்து சிறு சிறு பனி உருண்டைகள் தாமாக உருண்டு வருவதைப் பார்த்த உஸ்தாத், திரும்பலாம் என்றார். எங்களில் ஒருவர் வாதாடினார். உஸ்தாத் பதில் சொல்லாமல் இறங்கத் தொடங்கியதும் வாதம் முடிந்துவிட்டது.

சூரியன் சரிவைச் சுடத் தொடங்கும்போது, மேலிருந்து இப்படி உருண்டைகள் தாமாக விழுவது மேல் அடுக்கு நீரால் ஊறிப் பிடிப்பை இழக்கிறது என்பதற்கான அடையாளம். பனிச்சரிவுகள் பெரும்பாலும் ஏற்படுவது 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில். எங்கள் இடப்பக்கச் சரிவு அந்தக் கணக்குக்குள் வசதியாக அடங்கியது.

அன்று மதியம் முகாமில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்பதை உஸ்தாத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் படித்திருந்த பள்ளி இயற்பியலோடு அது பொருந்தியது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அதனால்தான் ஜூன் வெயிலிலும் பனி அவ்வளவு எளிதில் தீர்ந்துபோவதில்லை. பகலில் மேல்மட்டம் மட்டும் உருகி நீர் கீழே இறங்குகிறது, இரவில் அது உறைந்து துகள்களை ஒட்டவைக்கிறது. பல வாரங்கள் இது மாறி மாறி நடப்பதால்தான் கோடைக்காலப் பனி, விழுந்தபோது இருந்த பஞ்சுத் தன்மையை இழந்து, கல் உப்புப் போன்ற பருமனான மணிகளாகிறது. விடியற்காலையில் நடப்பவரைத் தாங்குவது முந்தின இரவு உறைந்த அந்த மேலோடுதான். அது உறைவதற்குக் காற்று உறைநிலைக்குக் கீழே போயே ஆக வேண்டும் என்பதுகூட இல்லை. வானம் திறந்திருந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து, காற்றைவிடக் குளிர்ந்து இறுகிவிடும். மேகம் மூடியிருந்தால் அந்த வெப்பம் திரும்பி வந்துவிடும். ஆகவே நாங்கள் நன்றாக உறங்கிய அந்த இரவில் பனி உறையவே இல்லை. ஐந்து மணிக்கே கிளம்பியிருந்தாலும் திணறியிருப்போம் என்று அறிந்தபோது, தாமதத்தின் பழி கொஞ்சம் குறைந்ததில் எனக்கு அற்பமான நிம்மதி.

பாறைகளைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு முற்றிலும் புதிது. பனிவெளியின் நடுவே ஒரு பாறை தலை நீட்டிக்கொண்டிருந்தால், கால் தானாகவே அதை நோக்கிப் போகும். திடமான ஒன்றைத் தொட வேண்டும் என்று உடம்பு விரும்புகிறது. ஆனால் கரிய பாறை வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள பனியை அடியிலிருந்து உருக்கிவிடுவதால், பாறையின் விளிம்பில்தான் பொந்து இருக்கும். அன்று காலை நான் இடுப்பு வரை இறங்கியது அப்படியொரு பாறைக்கு ஓரடி தள்ளித்தான். விழும்போது உடல் முன்னோக்கிச் சாய்ந்துவிட்டால், சிக்கிய கால் முழங்காலுக்குக் கீழே ஒடியும் வாய்ப்பு உண்டு. முழங்கால் சிராய்ப்போடு தப்பித்தேன்.

மிச்ச மதியத்தில், முகாமுக்குப் பின்னால் முடிவில் சமவெளியாக விரிந்திருந்த ஒரு சரிவில் விழுந்து பழகினோம். சறுக்கத் தொடங்கியதும் குப்புறப் புரண்டு, பனிக்கோடரியின் கூர்முனையை மார்பின் எடையால் பனிக்குள் அழுத்த வேண்டும். காலில் முள் மாட்டியிருந்தால் பாதங்களைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முள் பனியில் சிக்கி ஆளைத் தலைகீழாகப் புரட்டிவிடும். ஏழெட்டு முறை பழகியும் ஒருமுறைதான் நான் சரியாக நின்றேன். பழகாதவர் கையில் பனிக்கோடரி ஓர் அலங்காரப் பொருள், சில வேளைகளில் காயப்படுத்தும் பொருள்.

அந்த மாலை மேகம் கலைந்தது. இரவு எட்டு மணிக்கு உஸ்தாத் கூடாரத்துக்கு வெளியே வந்து பனியைக் காலால் தட்டிப் பார்த்தார். ஓடு ஒன்றைத் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. மூன்று மணிக்குப் புறப்படுவோம் என்றார். குளிரில் யாரும் சரியாக உறங்கவில்லை.

முந்தின நாள் மூன்று மணி நேரம் எடுத்த தூரத்தை அன்று ஒரு மணி நேரத்தில் கடந்தோம். தலைவிளக்கின் வட்டத்துக்குள் பனி பொரிந்த சர்க்கரைபோல் மின்னியது. மைக்ரோஸ்பைக்கின் ஒவ்வொரு முள்ளும் பற்றும் ஓசை தனித்தனியே கேட்டது. எங்கள் பழைய தொடை ஆழக் குழிகள் அப்படியே உறைந்து, விளிம்பு கூராக, பொறிகள்போல் கிடந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு போனோம். செங்குத்தான கடைசிப் பகுதியில் மட்டும், காலணி நுனியால் உதைத்து உதைத்துப் படி வெட்டிக்கொண்டு உஸ்தாத் முன்னே போக, அதே படிகளில் நாங்கள் ஏறினோம். ஒரு கூடுதல் இரவு அதே உயரத்தில் தங்கியது உடம்புக்கும் உதவியிருக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்ற பரிந்துரையை, சிகாவிலிருந்து ஒரே நாளில் மேலே வந்ததில் நாங்கள் லேசாக மீறியிருந்தோம்.

ஏழரை மணிக்குக் கணவாயின் மேல் நின்றோம். 6,221 மீட்டர் உயர இந்திராசன் சிகரம் மிக அருகில் நிற்பதுபோல் தெரிந்தது. நான் உடனே மறுபக்கம் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். நேரத்தோடு போட்டி போடுகிறோம் அல்லவா? உஸ்தாத் உட்காரச் சொன்னார். சியாகோருவை நோக்கி இறங்கும் சரிவு செங்குத்தானது, அது இன்னும் நிழலில் கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தது. அங்கே தவறி விழுந்தால், வழுக்கும் நைலான் உடையோடு சில நொடிகளில் பிடிக்க முடியாத வேகம் வந்துவிடும். ஏறும் பக்கத்துக்கு இறுகிய பனி வேண்டும், இறங்கும் பக்கத்துக்குச் சற்று இளகிய பனி வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலான நேரத்தைக் காற்றில் நடுங்கிக்கொண்டு கழிப்பதும் பயணத்தின் ஒரு பகுதி என்பது எந்தப் பயணத் திட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தோம்.

வெயில் சரிவைத் தொட்டு, குதிகால் நான்கு விரற்கடை இறங்கும் அளவுக்கு மேற்பரப்பு இளகியதும் இறங்கத் தொடங்கினோம். உடலைப் பின்னால் சாய்க்காமல், காலை விறைப்பாக நீட்டிக் குதிகாலை முதலில் பதிக்க வேண்டும். பயந்து பின்னால் சாய்கிறவர்தான் வழுக்குகிறார். முதல் இருபது அடிகள் நடுக்கம். பிறகு ஒரு தாளம் பிடிபட்டது.

இறங்கும் வழியில் நண்பர் ஒருவர் படமெடுக்க வேண்டி கருப்புக் கண்ணாடியைப் பலமுறை கழற்றினார். புதுப் பனி புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக்கூடியது. உயரமும் தன் பங்குக்கு ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூட்டுகிறது. அப்போது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சில மணி நேரம் கழித்துத்தான் இந்தக் கண் பாதிப்பு தலைகாட்டும் என்பதால், இரவில் கூடாரத்துக்குள் இரு கண்களிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கிறது என்று துடித்தார். ஈரத்துணியால் கண்களை மூடி, விளக்குகளை அணைத்து வைத்தோம். இரண்டு நாளில் சரியாயிற்று.

சியாகோருவில் முகாமுக்கு எதிரே ஓடும் ஆற்றை மறுநாள் கடக்க வேண்டியிருந்தது. மாலை ஐந்து மணிக்கு அது பழுப்பு நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது, அடியில் கற்கள் உருளும் ஓசை கூடாரத்துக்குள் கேட்டது. பகல் முழுதும் மேலே உருகிய பனி அந்த நேரத்தில்தான் கீழே வந்து சேர்கிறது. கரையில் ஒரு தட்டையான கல்லை அடையாளம் வைத்துக்கொண்டேன். அப்போது அதன் மேல் ஒரு சாண் நீர் ஓடியது. காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தபோது அந்தக் கல் முழுவதுமாக வெளியே நின்றது, ஆறும் தெளிந்து ஒடுங்கியிருந்தது. நான் மகிழ்ச்சியோடு அதன் மேல் கால் வைக்கப் போனேன். உஸ்தாத் தோளைப் பிடித்து நிறுத்தி, ஊன்றுகோலின் முனையால் கல்லைச் சுரண்டிக் காட்டினார். கல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம். கற்களை விட்டுவிட்டு, தோள்களைப் பற்றிக்கொண்டு, முழங்கால் ஆழ நீருக்குள்ளேயே இறங்கி நடந்தோம்.