செம்பு போய் கரி வந்தது

எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில், சக்கரத்தைச் சுழற்றும் டிராக்‌ஷன் மோட்டார் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. டபிள்யூஏஎம்-4 போன்ற டிசி மோட்டார் இன்ஜின், தண்டவாளத்துக்கு அடியில் பள்ளம் உள்ள பிட்டில் வந்து நின்றதும், கீழே இறங்கி மூடியைத் திறந்து முதலில் பார்ப்பது கம்யூட்டேட்டரைத்தான். மோட்டாரோடு சுழலும், செம்புப் பட்டைகளை அடுக்கிய உருளை அது. அதன்மேல் அழுந்தி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுதான் பிரஷ். சாக்லேட் நிறப் படலம் சீராகப் படிந்திருந்தால் நிம்மதி. திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தால் பொறி பறந்திருக்கிறது. பிரஷ்ஷைக் கழற்றி நீளம் அளந்து, ஸ்பிரிங் அழுத்தம் பார்த்து, காற்றடித்துத் தூசி தட்டுவதற்குள் மூக்கெல்லாம் கரி.

அந்தக் கரித்துண்டு எப்படி வந்தது என்று தெரிந்த பிறகு அதன்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. 1888 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் மின்சார டிராம் சேவையைத் தொடங்கினார். மேடும் பள்ளமுமான ஊர். சில இடங்களில் நூறு அடிக்குப் பத்தடி ஏற்றம். சோதனை ஓட்டத்தில் மோட்டார் பழுதாகி நின்ற வண்டியைக் கோவேறு கழுதைகள் கட்டி இழுக்க வேண்டியிருந்தது. பெரிய தலைவலி உலோக பிரஷ்தான். பொறி பறந்து, தானும் தேய்ந்து கம்யூட்டேட்டரையும் அரித்தது. கடைசி நிறுத்தத்தில் டிராம் திரும்பி வர வேண்டும். ஒரு திசைக்குச் சாய்த்து வைத்த பிரஷ், மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும்போது ஒத்துழைக்காது.

அதே ஆண்டில் சார்லஸ் வான் டெபோல் கரி பிரஷ்ஷைக் கொண்டுவந்தார். பிரஷ் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு மாறும் கணத்தில் இரண்டையும் சேர்த்துத் தொடும். செம்பாக இருந்தால் அங்கே தடையில்லாமல் மின்சாரம் பாயும், விலகும்போது பொறி. கரியின் தடை அந்த மின்சாரத்தை அடக்கிவிடுகிறது. நேராக நிறுத்தி வைக்கலாம் என்பதால் இரு திசைக்கும் சரி. ஏழே ஆண்டில், 1895-ல், மெட்ராஸிலும் மின்சார டிராம் ஓடியது.

ஸ்பிரேக்கின் சொந்தக் கொடை மோட்டாரைத் தொங்கவிட்ட விதம். ஒரு பக்கம் பேரிங் வழியாக அச்சின்மேல் உட்காரும். மறுபக்கம் ஸ்பிரிங்கில் சட்டத்தோடு பிணைந்திருக்கும். தண்டவாளம் எவ்வளவு தூக்கிப் போட்டாலும் மோட்டாரின் சிறு பற்சக்கரமான பினியனுக்கும் அச்சின் பற்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி மாறாது. எளிமையான யோசனை, ஆனால் அதற்குமுன் செயினும் பெல்ட்டும் போட்டுப் பட்ட பாட்டை நினைத்தால் அதன் அருமை புரியும்.

இப்போது வரும் டபிள்யூஏஜி-9 வண்டிகளில் த்ரீ ஃபேஸ் ஏசி மோட்டார். கம்யூட்டேட்டரும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. பையன்கள் கரித்தூளைச் சுவாசிக்காமல் வேலை பார்ப்பது எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த மோட்டாரும் அச்சில்தான் தொங்குகிறது, ரிச்மண்டில் தொங்கியதைப் போலவே. மோட்டார் அச்சின்மேல் உட்காரும் அந்த சஸ்பென்ஷன் பேரிங்கைப் பார்க்க அவர்களும் வண்டிக்கு அடியில் இறங்கித்தான் ஆக வேண்டும்.