பச்சை மை ஒப்பம்

இரசாயன ஆய்வுகூடத்தில் எங்கள் ஆசிரியர் விட்டுக்கொடுக்காத விடயங்கள் மூன்று. செய்முறைக் கொப்பியில் பென்சில் படக்கூடாது. பிழைத்ததை ஒரே கோட்டால் வெட்ட வேண்டும், அழிறப்பர் கூடாது. நியமிப்பு, அதாவது கரைசலின் செறிவை அளக்கும் பரிசோதனை, முடிந்த கையோடு, அளவியைக் கழுவும் முன்பே, கொப்பியை அவரிடம் நீட்ட வேண்டும். பச்சை மையில் திகதியிட்டு ஒப்பமிடுவார். மறுநாள் கொண்டுபோனால் தொடவும் மாட்டார். "நேற்று நடந்ததை இன்றைக்கு நான் கண்டதாக எப்படி எழுதுவது, தம்பி?" என்பார். வீம்பு என்றே அன்று நினைத்தேன்.

நியூ ஜேர்சியில் புலமைச் சொத்து வழக்குகளை நடத்தி முப்பது வருடங்கள் ஓடிவிட்டன. பெரும்பாலும் மருந்து ஆக்கவுரிமை, அதாவது கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கும் தனியுரிமை, பற்றிய வழக்குகள். நான் நின்றது மலிவு விலை மருந்து செய்பவர்களின் பக்கம். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர்கள் ஓர் ஆக்கவுரிமை செல்லாது என்று அறிவித்தால், உரிமையாளர் 45 நாட்களுக்குள் வழக்கிட்டு, அந்த மலிவு விலை மருந்தின் அனுமதியை 30 மாதங்கள் வரை நிறுத்திவைக்கலாம். அந்த 30 மாதங்களும் எங்களுக்குத் தூக்கமில்லை.

2013 மார்ச் 16க்கு முந்திய விண்ணப்பங்களுக்கு அமெரிக்காவில் தனி விதி: முதலில் விண்ணப்பித்தவருக்கு அல்ல, முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை. கண்டுபிடித்த நாளுக்கு அவருடைய வாய்ச்சொல் மட்டும் போதாது. இன்னொருவரின் சான்றும் வேண்டும். அதனால் ஆய்வுகூடக் கொப்பியைப் பக்கம் பக்கமாக, சில நேரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம்.

ஒரு வழக்கில் எதிர்த்தரப்பின் கொப்பி என் கைக்கு வந்தது. பரிசோதனைத் திகதி மாசி மாதம். கீழே, "வாசித்து விளங்கிக்கொண்டேன்" என்று சக ஆய்வாளர் இட்ட ஒப்பம் சித்திரையில்.

"பரிசோதனை நடந்தபோது அருகில் இருந்தீர்களா?" என்று அவரைக் கேட்டேன்.

நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை" என்றார்.

அந்தப் பதில் எங்களுக்குச் சாதகம். ஆனால் அன்றிரவு எனக்கு மனம் ஆறவில்லை. கொப்பியை எழுதிய ஆய்வாளர் மாசியிலேயே உண்மையாகச் செய்திருக்கலாம். அன்றைக்கே பார்த்து ஒப்பமிட அவருக்கு ஒருவர் இருக்கவில்லை. எங்களுக்கு இருந்தார்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் இந்த வருடம் பாடசாலை ஆய்வுகூடத்துக்குத் தராசுகள் அனுப்புவதாக அறிந்தேன். அவற்றோடு தையல் கட்டுப் போட்ட, பக்க எண் அச்சிட்ட கொப்பிகளையும் உயர்தர மாணவர் ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். செலவு முழுவதும் என்னுடையது. ஆசிரியர்களுக்குப் பச்சை மைப் பேனாக்களும் வாங்கி வைத்திருக்கிறேன்.