சின்னாறு வழியாகத் தேசநாதேஸ்வரரிடம்

ஒகேனக்கல் போகிறவர்களில் பெரும்பாலானோர் காவிரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் சாப்பாடு, நேரம் மிச்சமிருந்தால் தேசநாதேஸ்வரர் தரிசனம். அங்கேயே காவிரியில் வந்து கலக்கிற சின்னாற்றை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதில் எனக்கு நீண்ட நாள் வருத்தம். அதனால் இந்த வைகாசியில் அம்மாவையும் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு, ஆறு கிளம்புகிற பக்கத்திலிருந்தே பயணத்தைத் தொடங்கினோம்.

முதல் தரிசனம் தேன்கனிக்கோட்டை பேட்டராய சுவாமி. வேட்டைக்கு வந்த பெருமாள்; காட்டை ஒட்டிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடையாது. தளி மலைப்பக்கம் பிறந்து, இந்த வட்டாரத்தில் சனத்குமார நதி என்று பிரம்மாவின் மானசபுத்திரர் பெயரோடு ஓடுகிற தண்ணீர்தான் கீழே பஞ்சப்பள்ளி அணையில் தேங்கி, அப்புறம் சின்னாறாகக் காட்டுக்குள் இறங்கி ஒகேனக்கல் வருகிறது. அணையில் கொஞ்ச நேரம் நின்றோம், வெயில் தாங்கவில்லை, கிளம்பிவிட்டோம்.

வழியில் காட்டோரக் கிராமம் ஒன்றில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். வெறும் மணல், அங்கங்கே பாறை. மணலில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி, அடியில் தெளிந்த தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பெரிய பெரிய காலடிகள், அவற்றின் மேலேயே மான் குளம்புத் தடங்கள். "ராத்திரி பிள்ளையார் வந்துட்டுப் போயிருக்கார் கண்ணு" என்றார் பெரியவர். ஆறு வற்றினால் யானைதான் மணலைத் தோண்டித் தண்ணீர் எடுக்கும், அது குடித்துப் போன பிறகு மான், பன்றி, பறவை எல்லாம் அதே குழியில் குடிக்கும். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குழியைப் பார்த்துக் கும்பிட்டார். கருவறை முன்னால் நிற்பது போலத்தான் எனக்கும் இருந்தது.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த காடு 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது. யானை, முதலை, நீர்நாய், ஆற்று ஆமை, சாம்பல் நிற மலை அணில் எல்லாம் இருக்கிற காடு. அந்த அணில் தரையில் இறங்குவது அபூர்வம், மரத்துக்கு மரம் தாவித்தான் பிழைக்கும். காய்ந்த மலைக்காட்டில் கிளையோடு கிளை கோத்து நிற்கிற மரங்கள் என்றால் பெரும்பாலும் ஆற்றோரத்து நீர்மருதும் புளியும் நாவலும்தான். நடுவில் நாலு மரம் வெட்டினால் அணிலுக்கு வழி அறுந்துபோகும், அவ்வளவுதான்.

ஒகேனக்கல் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. இங்குள்ள பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. சின்னாற்றுப் பாறைகளில் உரல் குழி மாதிரி வட்டமாகக் குழிகள். வெள்ளத்தில் கூழாங்கல் உள்ளேயே சுழன்று சுழன்று குடைந்தவை. ஒரு குழியில் எட்டிப் பார்த்தேன், அடியில் இன்னும் அந்தக் கற்கள், மேலே விரல் நீள மீன்குஞ்சுகள். கொஞ்சம் தள்ளி, காவிரியோரப் பாறையில் நீர்நாய் ஒன்று இரண்டு முன்னங்கைகளாலும் கெளுத்தியைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கடித்துத் தின்றது. முள் நொறுங்குகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. சித்தப்பா கைப்பேசியை எடுப்பதற்குள் மீனோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

அதே இடத்தில்தான் பாறை இடுக்கெல்லாம் பழைய வேட்டியும் சேலையும் சிக்கிக் கிடந்தன. உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் தோஷம் போகும் என்று விடுகிறார்கள். நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை, ஆனால் தாயென்று கும்பிடுகிற காவிரி மேல் அழுக்குத் துணியை வீசுவதை எப்படி மனசு ஒப்புகிறது? ஆமை, மீன், நீர்நாய் எல்லாம் அவள் பிள்ளைகள்தானே. முங்கி எழுந்து, ஈரத்துணியைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், போதும்.

தேசநாதேஸ்வரர் சந்நிதியில் கூட்டமே இல்லை, நிம்மதியான தரிசனம். காவிரியம்மனுக்கு அம்மா மஞ்சளும் பூவும் வைத்தார்.

ஆடிப்பெருக்குக்குப் போகிறவர்கள் கவனிக்க: கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் அதிகம் திறந்தால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை வரும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது பென்னாகரம் மலைப்பாதையை இருட்டுவதற்குள் தாண்டிவிடுங்கள், யானைகள் சாலையைக் கடக்கிற இடம் அது.